இருட்டுப் பெட்டி செய்த தச்சர்கள்: ஜப்பானின் தொடக்ககால மரக் கேமராக்கள்



“ஜப்பான்காரன் எல்லாத்தையும் காப்பியடிச்சுத்தானே டீச்சர் முன்னுக்கு வந்தான்?” தொழில்நுட்பம் பற்றிப் பேசும் வகுப்பில் யாராவது ஒரு மாணவர் இப்படிக் கேட்பார். நேரம் போதாது; நாமும் “ஆமாம்” என்று தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். ஆனால் அந்த ஒரு “ஆமாம்” மாணவர் மனத்தில் தவறான பாடமாகத் தங்கிவிடுகிறது. பார்த்துச் செய்வது சுலபம், அதற்கு மூளை வேண்டாம் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். அது உண்மையா? கண்ணாடித் தகட்டில் படம் பிடித்த பழைய ஜப்பானிய மரக் கேமராக்களை வைத்து இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

பெயரிலிருந்து தொடங்குவோம்

நாம் மொழி ஆசிரியர்கள். ஆகவே முதலில் சொல். ஜப்பானிய மொழியில் புகைப்படத்துக்கு ‘ஷஷின்’ என்று பெயர். ‘ஷ’ என்றால் படியெடுத்தல். ‘ஷின்’ என்றால் உண்மை. உண்மையைப் படியெடுப்பது! பழைய கேமராவுக்கு ‘அன்பாகோ’ என்று பெயர். அதன் பொருள் இருட்டுப் பெட்டி. புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என்று நம்மிடமும் மூன்று சொற்கள் இருக்கின்றன அல்லவா? எந்தச் சொல் எதைச் சொல்கிறது என்று மாணவர்களைக் கேட்டாலே நல்ல கலந்துரையாடல் கிடைக்கும்.

பெட்டி எப்படி வேலை செய்தது?

மடக்கு மரக் கேமராவை நம் ஆர்மோனியத்தோடு ஒப்பிடலாம். நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு துருத்தி. முன்பலகையில் லென்ஸ். பின்சட்டத்தில் பால்போல் மங்கலான ஒரு கண்ணாடி. வேலை முடிந்ததும் துருத்தியைச் சுருக்கி, அடிப்பலகையை மடக்கினால் முழுக் கேமராவும் தட்டையான பெட்டியாகிவிடும். பையில் போட்டுத் தோளில் தொங்கவிட்டுப் போகலாம்.

படம் எடுப்பவர் கேமராவை முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு மங்கல் கண்ணாடியைப் பார்ப்பார். எதிரில் நிற்பவர் அதில் தலைகீழாகத் தெரிவார், இடவலமும் மாறியிருக்கும். திருகைத் திருப்பி, பிம்பம் தெளிவானதும் லென்ஸை மூடுவார். மங்கல் கண்ணாடி இருந்த இடத்தில் தகட்டுக்கூட்டைச் செருகுவார். அதற்குள் வெள்ளி உப்புக் கலவை பூசிய கண்ணாடித் தகடு இருக்கும். கூட்டின் மூடியை இழுத்து, லென்ஸைத் திறந்து, போதுமான நேரம் ஒளி விழுந்ததும் மறுபடி மூடுவார். ஒரு தகட்டுக்கு ஒரு படம்தான். தவறினால் தவறியதுதான்!

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. மங்கல் கண்ணாடி இருந்த அதே தளத்தில் தகடும் வந்து உட்கார வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் படம் மங்கிவிடும். மூட்டுகளில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் வெளிச்சம் புகுந்து தகட்டைக் கெடுத்துவிடும். இத்தனைக்கும் அது மரம். மழைக்காலத்தில் உப்பும், வறண்ட குளிர்காலத்தில் சுருங்கும். அப்படிப்பட்ட பொருளில் இவ்வளவு துல்லியம் வேண்டும் என்றால், வெறுமனே பார்த்துச் செய்தால் நடக்குமா?

மருந்துக் கடையில் தொடங்கிய தொழில்

ஜப்பானின் முதல் தொழில்முறைப் புகைப்படக்காரர்களில் ஒருவர் நாகசாகியைச் சேர்ந்த உவேனோ ஹிகோமா (1838–1904). அவர் முதலில் படித்தது வேதியியல். 1862-இல் அங்கே ஒரு படக்கூடம் திறந்தார். அதே ஆண்டில் வேதியியல் பாடநூல் ஒன்றையும் வெளியிட்டார். படம் எடுக்கும் ஈரத்தகட்டு முறையை அந்த நூலிலேயே விளக்கினார். தாம் கற்றதை உடனே மற்றவர்களுக்குக் கற்பிக்கும் பாடமாக்கியதைக் கவனியுங்கள்.

ஈரத்தகட்டில் ஒரு சிரமம் உண்டு. மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். வெளியூருக்குப் போனால் இருட்டறையையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பிறகு உலர்தகடு வந்தது. 1883-இல் தோக்கியோவின் எசாகி ரெய்ஜி, சுமிதா ஆற்றில் நடந்த ஒரு வெடிச் சோதனையை உலர்தகட்டில் கணநேரத்தில் பிடித்துப் பெயர் பெற்றார். தகட்டை முன்கூட்டியே வாங்கி எடுத்துப்போகலாம் என்று ஆனதும், எளிதில் தூக்கக்கூடிய மடக்குக் கேமராவுக்குத் தேவை கூடியது.

அதைச் செய்து விற்றவர்களில் முக்கியமானது தோக்கியோவின் கொனிஷி கடை. அது ஒரு மருந்து வணிகக் கடை. படம் எடுக்க வேதிப்பொருள்கள் வேண்டுமே; அதனால் 1873-இல் புகைப்படப் பொருள்களையும் விற்கத் தொடங்கியது. 1882-இல் மரவேலைக் கைவினைஞர்களைக் கொண்டு கேமராப் பெட்டிகளையும் செய்விக்க ஆரம்பித்தது.

ஜப்பானில் ‘சஷிமோனோ’ என்று ஒரு தச்சுக்கலை உண்டு. ஆணியை நம்பாமல், மரத்தோடு மரத்தைக் கோத்து அலமாரி, இழுப்பறை, சிறு பெட்டி எல்லாம் செய்வார்கள். இழுப்பறை இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது. தகட்டுக்கூட்டுக்கும் அதே விதிதான்! வடிவம் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தது, லென்ஸும் அங்கிருந்தே வந்தது. ஆனால் சக்குரா போன்ற மரங்களின் குணமறிந்து இழைத்துப் பொருத்திய கை, தலைமுறை தலைமுறையாக அங்கேயே பழகிய கை.

அளவுகளின் பெயர்களைப் பாருங்கள். ஏறக்குறைய 8 × 10.5 செ.மீ. தகட்டுக்கு ‘தெஃபுதா’, அதாவது கைச்சீட்டு. 12 × 16.5 செ.மீ. தகட்டுக்கு ‘கபினே’, இது கேபினட் என்ற அயல்சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பு. சொந்தச் சொல்லும் கடன்சொல்லும் ஒரே கடைப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

கொனிஷி 1902-இல் ரொகுஓஷா என்ற தொழிற்சாலையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு செர்ரி என்ற எளிய மரப்பெட்டிக் கேமரா வந்தது. 1909-இல் லில்லி என்ற மடக்குத் தகட்டுக் கேமரா வந்தது. ஹெக்ஸார் என்ற சொந்த லென்ஸ் வந்ததோ 1931-இல்தான். முதல் மரப்பெட்டிக்கும் இந்த லென்ஸுக்கும் இடையில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்! தெரிந்த மரவேலையில் தொடங்கி, தெரியாத கண்ணாடி வேலையைப் பொறுமையாகக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கடைதான் பிற்காலத்தில் கொனிக்கா ஆனது.

வகுப்பறைக்கு

இதை அப்படியே ஒரு வகுப்பு நடவடிக்கையாக மாற்றலாம்.

1. ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுங்கள். பெரிய பெட்டியின் முன்பக்கம் ஊசியால் ஒரு துளை. சின்னப் பெட்டியின் உள்முனையில் எண்ணெய் தடவிய வெள்ளைத்தாள், மறுமுனை திறந்திருக்கட்டும்.

2. கறுப்புத் துணியால் தலையை மூடி, சன்னலுக்கு வெளியே இருக்கும் மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மரம் தலைகீழாகத் தெரியும். ஏன்? ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது என்ற பாடம் இங்கே கண்முன் நிற்கும்.

3. சின்னப் பெட்டியை முன்னும் பின்னும் நகர்த்தினால் பிம்பம் எப்படி மாறுகிறது என்று எழுதச் சொல்லுங்கள்.

4. எந்தக் குழுவின் பெட்டியில் வெளிச்சம் கசிகிறது? எப்படிச் சரிசெய்வது? இதற்கு நேரம் கொடுங்கள். அவசரப்பட்டு நாமே ஒட்டிக் கொடுத்துவிட வேண்டாம்.

எல்லாக் குழுவும் ஒரே மாதிரியைப் பார்த்துத்தான் செய்திருக்கும். ஆனாலும் எந்த இரண்டு பெட்டியும் ஒன்றுபோல் வேலை செய்யாது. அப்போது அந்தப் பழைய கேள்வியை நீங்களே கேளுங்கள்: “காப்பியடிச்சா போதுமா?” கசிவை அடைக்கப் பாடுபட்ட மாணவர் இந்த முறை யோசித்துத்தான் பதில் சொல்வார். பார்த்து எழுதுவதற்கும் புரிந்து செய்வதற்கும் உள்ள வேறுபாடு கட்டுரை வகுப்பிலும் நமக்குத் தேவைப்படுகிறதே. அதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, ஒரு அட்டைப்பெட்டியைக் கையில் கொடுப்பது சுலபம். செய்து பாருங்கள்.