எருசலேமும் ஏலம் போன குருபீடமும்

மாவீரன் அலெக்சாந்தர் கி.மு. 323-இல் பாபிலோனில் கண்மூடியதும், அவன் வென்ற நாடுகள் அவனுடைய தளபதிகளின் பங்குச் சொத்தாயின. எகிப்து தாலமியின் கைக்குப் போயிற்று. பாபிலோனும் பின்னர் சிரியாவும் செலூக்கஸின் வசமாயின. இவ்விரு வம்சங்களுக்கும் நடுவே மத்தளம்போல் இருபக்கமும் இடிபட்ட சிறு நாடே யூதர்களின் தாயகமாகிய யூதேயா.

கி.மு. 301-இல் நடந்த இப்சஸ் போருக்குப் பின் அப்பகுதி செலூக்கஸுக்கென ஒதுக்கப்பட்டது. ஆனால் அந்தப் போர்க்களத்துக்கே வராத தாலமி முந்திக்கொண்டு அதைப் பிடித்துக்கொண்டான். இந்தத் தகராறு பின்னர் ஆறு சிரியப் போர்களாக வளர்ந்தது. கி.மு. 217-இல் ராஃபாவில் நடந்த போரில் மூன்றாம் அந்தியோகஸ் 102 இந்திய யானைகளை நிறுத்தினான்; நான்காம் தாலமியிடம் இருந்தவை 73 ஆப்பிரிக்க யானைகள். இந்திய யானைகளின் வாடையையே அவை தாங்கவில்லை என்கிறார் பொலிபியஸ். ஆயினும் வென்றவன் தாலமிதான்! (சந்திரகுப்த மௌரியனிடம் முதலாம் செலூக்கஸ் 500 யானைகள் பெற்ற நாள்முதல் அந்த வம்சத்துக்கு யானைப்படை மீது தீராத மோகம்.)

கி.மு. 200-ஐ ஒட்டிப் பானியம் போரில் அந்தியோகஸ் வென்றான், யூதேயா கைமாறியது. யூதர்கள் தம் முன்னோர் சட்டப்படியே வாழலாம் என்று அவன் அனுமதித்தான். எருசலேம் மக்களுக்கு மூன்றாண்டு வரிவிலக்கும் தந்தான். அதே வம்சம் கி.மு. 167-இல் ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. முப்பது சொச்சம் ஆண்டுகளில் இத்தனை பெரிய மாற்றம் எப்படி நேர்ந்தது?

நான்காம் அந்தியோகஸின் மதவெறியே காரணம் என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. இந்தக் கதையின் வேர் எருசலேமில் இல்லை, மக்னீசியாப் போர்க்களத்தில் இருக்கிறது என்றே கருதுகிறேன். அங்கே மூன்றாம் அந்தியோகஸ் ரோமானியரிடம் தோற்றான். கி.மு. 188-இல் ஏற்பட்ட அபமேயா உடன்படிக்கை அவன் தலையில் 15,000 தாலந்து வெள்ளியைத் தண்டமாக ஏற்றியது. ஒரு தாலந்து ஏறத்தாழ 26 கிலோ. அதில் 12,000 தாலந்தை ஆண்டுக்கு ஆயிரம் வீதம் பன்னிரண்டு ஆண்டுகள் கட்டியாக வேண்டும்.

அவ்வளவு வெள்ளிக்கு எங்கே போவது? அக்காலத்தில் கோயில்களே கருவூலங்கள். எலிமாய் நாட்டில் ஒரு கோயிலைக் கொள்ளையிடப்போன மூன்றாம் அந்தியோகஸ் கி.மு. 187-இல் அங்கேயே கொல்லப்பட்டான். அவன் மகன் நான்காம் செலூக்கஸின் அமைச்சன் எலியோதோரஸ், எருசலேம் ஆலயப் பணத்தை எடுக்க வந்ததாக இரண்டாம் மக்கபேயர் நூல் சொல்கிறது. இது வெறும் பக்திக்கதை என்று தள்ளிவிட முடியாது. கி.மு. 178-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கிரேக்கக் கல்வெட்டு 2007-இல் வெளியிடப்பட்டது. அப்பகுதிக் கோயில்களை மேற்பார்வையிட அரசன் ஓர் அதிகாரியை நியமித்த ஆணை அதில் இருக்கிறது. அது எழுதப்பட்டதோ இதே எலியோதோரஸுக்கு!

அடுத்து விலைக்கு வந்தது தலைமைக் குரு பதவி. கி.மு. 175-இல் நான்காம் அந்தியோகஸ் பட்டமேறியதும், ஜேசன் என்பவன் 440 தாலந்து தருவதாகச் சொல்லித் தன் அண்ணன் ஓனியாஸின் பதவியைப் பறித்தான். எருசலேமில் கிரேக்கப் பாணி உடற்பயிற்சிக் கூடம் அமைக்க மேலும் 150. மூன்றாண்டு கழித்து மெனெலாஸ் என்பவன் 300 தாலந்து கூட்டிக் கேட்டு ஜேசனைத் துரத்தினான். பேசிய பணத்தை அவனால் கட்ட முடியவில்லை. ஆலயப் பொற்பாத்திரங்கள் விற்பனைக்குப் போயின. இருவருக்கும் மூண்ட சண்டையை அரசன் கலகமாகக் கண்டான். கி.மு. 168-இல் எகிப்தை விட்டு வெளியேறும்படி ரோமானியத் தூதன் அவனை அவமானப்படுத்தியிருந்த நேரம் அது. தடைச்சட்டம் அதன் பின்னரே வந்தது.

மோதீன் ஊர்க் குரு மத்தத்தியாவும் அவர் புதல்வர்களும் ஆயுதம் எடுத்ததும், யூதா மக்கபே கி.மு. 164-இல் ஆலயத்தை மீட்டுத் தூய்மை செய்ததும் பலர் அறிந்தவை. அனுக்கா விழா அதன் நினைவே.

பலர் கவனியாதது அதன்பின் நடந்தது. யூதாவின் தம்பி யோனத்தான் ஓனியாஸ் குடும்பத்தைச் சேர்ந்தவன் அல்லன். கி.மு. 152-இல் செலூக்கிய அரியணைக்கு இருவர் போட்டியிட, இருவருமே அவனுக்குச் சலுகைகளை அள்ளி வீசினர். அவர்களுள் அலெக்சாந்தர் பாலாஸ் அனுப்பிய செவ்வண்ண அங்கியை ஏற்றே யோனத்தான் தலைமைக் குருவானான். அவன் அண்ணன் சீமோன் கி.மு. 142-இல் வரிவிலக்குப் பெற்றபோதுதான் யூதேயா உண்மையில் விடுபட்டது.

அந்த விடுதலை எண்பது ஆண்டுகளே நீடித்தது. சீமோனின் கொள்ளுப்பேரர்கள் இருவர் அரியணைக்கு அடித்துக்கொண்டு, ரோமானியத் தளபதி பாம்பேயிடம் நியாயம் கேட்டனர். இளையவன் அரிஸ்டோபுலஸ் அனுப்பிய காணிக்கை, 500 தாலந்து மதிப்புள்ள ஒரு பொன் திராட்சைக்கொடி. பாம்பே அதைப் பெற்றுக்கொண்டான், கி.மு. 63-இல் எருசலேமையும் பிடித்துக்கொண்டான். அந்தக் கொடியைப் பின்னர் ரோமாபுரியின் ஜூபிடர் கோயிலில் கண்டதாக ஸ்ட்ராபோ கூறியதை யோசேபஸ் பதிவு செய்திருக்கிறார்.