விதைநெல் அறையின் தகரக் கூரை

மாசி, பங்குனியில் அறுவடையாகும் பெரும்போக நெல்லில் விதைக்கென ஒதுக்குவது, புரட்டாதி, ஐப்பசி விதைப்புவரை ஏறக்குறைய ஏழு மாதங்கள் அறையிற் கிடக்கின்றது. வெயில் மிகக் கடுமையான காலமும் இதுவே. அறையின் கூரை தகரமாயின், நன்றாகக் காயவைத்த விதையும் முளைதிறனை இழக்கக்கூடும்.

விதை உயிருள்ள பொருள், அது மூச்சுவிடுகின்றது. விதையின் ஈரம் நூற்றுக்கு 1 பங்கு குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். அறையின் வெப்பம் 5 அல்லது 6 பாகை செல்சியஸ் குறையுந்தோறும் அவ்வாறே. எனவே நெல்லை 13 சதவீத ஈரத்துக்கு மேற்படாமற் காயவைத்தபின், வெப்பத்தையும் தடுத்தல் வேண்டும்.

பகலிற் சூடேறிய தகரம் வெப்பத்தைக் கீழே மூடைகள்மேல் வீசுகின்றது. இரவில் அதே தகரம் விரைவாகக் குளிர்கின்றது. அறையின் வெப்பமான காற்றிலுள்ள நீராவி அதன் அடிப்புறத்திற் பட்டுத் துளிகளாகிச் சொட்டுகின்றது. மேல் மூடைகளிற் பூஞ்சணம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கூரை ஒழுகுகின்றதென எண்ணி ஆணித்துளைகளை அடைப்பதனால் இது நீங்காது.

செய்யவேண்டியவை:

1. தகரத்துக்கு அரையடி கீழே, கூரையின் சரிவிலேயே கிடுகு அல்லது பனையோலைத் தட்டி கட்டுங்கள். மேல்வரிசை கீழ்வரிசையை மூடி நிற்கட்டும். அப்போது சொட்டும் நீர் தாழ்வாரப் பக்கமாக வழிந்துவிடும்.

2. தாழ்வாரத்தில் நீளமான இடைவெளியும், முகட்டில் மூடியுடன் கூடிய திறப்பும் விடுங்கள். சூடான காற்று முகட்டால் வெளியேற, குளிர்ந்த காற்று தாழ்வாரத்தால் உட்புகும். 300 சதுர அடி அறைக்குத் திறப்புகள் மொத்தம் 2 சதுர அடியாயினும் இருத்தல் வேண்டும். பாதி மேலே, பாதி கீழே.

3. காற்று தகரத்துக்கும் தட்டிக்கும் இடையிலேயே ஓடவேண்டும், விதையின்மேல் அன்று. மாரிக் காற்றிலுள்ள ஈரத்தைக் காய்ந்த நெல் உறிஞ்சிக்கொள்ளும். ஆகையாற் தட்டியில் இடைவெளி விடாதீர்கள்.

4. திறப்புகளுக்குக் கால் அங்குலக் கம்பிவலை அடித்தால் எலி நுழையாது.

5. தகரத்தின் மேற்புறத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் சூடு குறையும். மழையிற் கழுவுண்டால் மீண்டும் பூசுங்கள்.

ஓலைத் தட்டி எளிதிற் தீப்பற்றும். அவ்வறையில் விளக்கோ அடுப்போ எரித்தல் ஆகாது.

விதைப்புக்கு இரு வாரங்களுக்கு முன் 100 நெல்மணிகளை ஈரச்சாக்கில் முளைக்கவிட்டு எண்ணிப்பாருங்கள். 85க்குக் குறைவாக முளைத்தால் வேறு விதை தேட அப்போது நேரமிருக்கும். வயலில் விதைத்தபின் அறிந்துகொள்வதிற் பயனில்லை.