மலைப்புல்லில் ஏறிய சீசியம்

1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி சோவியத் யூனியனைச் சேர்ந்த உக்ரேனில், செர்னோபில் அணு உலை வெடித்தபோது ஆகாயத்தில் கலந்த கதிரியக்கத் தூசி, காற்றோடு ஐரோப்பாவைக் கடந்து சென்று, மே மாத ஆரம்பத்தில் பெய்த கனமழையுடன் பிரிட்டனின் கம்பிரியா, வட வேல்ஸ் முதலிய மலைப் பிரதேசங்களில் இறங்கிற்று. ஆடு வளர்த்துப் பிழைக்கும் அம்மலைக் குடியானவர்களுக்கு ஜூன் மாதத்தில், ஆடுகளை இடம் மாற்றவோ அறுக்கவோ கூடாதென்று உத்தரவு வந்தது. மூன்று வாரத்தில் தடை நீங்கிவிடும் என்றார்கள். கடைசித் தடை நீங்கியது 2012-இல்!

இப்படிக் கணக்குப் போட்ட நிபுணர்களை மூடர்கள் என்று தள்ளிவிட முடியாது. புல்லின்மேல் படிந்த தூசியை மழை கழுவிவிடும், அத்தூசியிலிருந்து மண்ணில் சேர்ந்த சீசியம் என்னும் கதிரியக்கப் பொருளை மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு துளிர்க்கும் புல் சுத்தமாக இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். சமவெளியின் களிமண்ணுக்கு அது முற்றிலும் பொருந்தும். களிமண்ணிலுள்ள இல்லைட் என்னும் கனிமம் புத்தகத்தின் ஏடுகளைப்போல அடுக்கடுக்காக அமைந்தது. ஓரத்தில் சற்றே பிரிந்த அவ்வேடுகளுக்கிடையில் ஒருமுறை புகுந்த சீசியம் எளிதில் வெளியே வராது. வேர் எத்தனை தேடினாலும் அதற்குக் கிட்டுவது சொற்பமே.

மலைமேல் இருப்பதோ வேறு மண். அரைகுறையாக மக்கிய பாசியும் புல்லும் நூற்றாண்டுக்கணக்கில் சேர்ந்து உண்டான, அமிலத்தன்மை மிகுந்த அந்தக் கரிய மண்ணில் களிமண் மிகக் குறைவு, பொட்டாசியமும் குறைவு. ரசாயன குணத்தில் சீசியம் பொட்டாசியத்தின் பங்காளி. பசி ருசி அறியாது என்பார்களே, அதைப்போலப் பொட்டாசியத்துக்கு ஏங்கும் வேர், மண்ணீரில் பிடிப்பாரின்றி அலையும் சீசியத்தையும் பேதம் பாராமல் உறிஞ்சிக்கொள்கிறது. அப்புல்லை ஆடு மேய்கிறது. அதன் சாணத்தோடும் மூத்திரத்தோடும் சீசியம் மண்ணுக்குத் திரும்பி, மறுபடியும் வேரின் வழியே மேலேறுகிறது. சீசியம்-137 பாதியாகக் குறைவதற்கே சுமார் 30 ஆண்டுகள் ஆகும் என்பதை நினைத்தால், மூன்று வாரம் என்ற சொல் அந்தக் குடியானவர்களின் காதில் பிற்பாடு எப்படி ஒலித்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

பொட்டாஷ் உரம் இட்டால் வேரின் ஏக்கம் தணிந்து சீசியம் ஏறுவது குறையும். ஆயினும் வேலியற்ற மலைச்சரிவு முழுவதற்கும் உரமிடுவது யாருக்குச் சாத்தியம்? ஆட்டின் உடலில் சேர்ந்த சீசியமோ, அந்த ஆட்டைச் சமவெளிப் புல்லில் மேயவிட்டால் சில வாரங்களில் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆகவே கருவி கொண்டு ஆடுகளைச் சோதித்து, இறைச்சியில் கதிரியக்கம் கிலோவுக்கு 1000 பெக்கரல் என்னும் வரம்பைத் தாண்டியவற்றின்மேல் வர்ணம் பூசி அடையாளமிட்டார்கள். வர்ணம் ஏறிய ஆடு அப்போதைக்குக் கசாப்புக்காரன் கத்திக்குத் தப்பித்தது.