தோற்ற மன்னனுக்கு ஏன் ஆண்டுதோறும் விழா? கொல்லிமலையும் வல்வில் ஓரியும்

ஆடி 18 வந்தால் காவிரிக் கரையெல்லாம் கூட்டம். ஆனா நாமக்கல் மாவட்டத்துக்கு அன்னைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போனால், செம்மேட்டில் இருக்கும் ஓரி சிலைக்கு மாலை, வில்வித்தைப் போட்டி, மலைவாழ் மக்களின் ஆட்டம் பாட்டம் என மலையே களைகட்டும்.

யார் இந்த ஓரி?

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் கொல்லிமலையை ஆண்ட குறுநில மன்னன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், காட்டுப்பன்றி எல்லாவற்றையும் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்ச் செருகியது என்று புறநானூறு 152-ல் வன்பரணர் பாடுகிறார். கொஞ்சம் ஓவர்தான், ஆனா 'வல்வில்' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. அதே பாட்டில் இன்னொரு செய்தி: காட்டில் வந்த பாணர் கூட்டம் ஆள் யாரென்று உறுதியாகத் தெரியாமலே பாட, அவன் மான் கறியும் பொன்னும் கொடுத்து அனுப்பினானாம்.

முடிவு எப்படி?

சோகமானது. திருக்கோவிலூர்ப் பக்கத்து மலையமான் திருமுடிக்காரி போரில் ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேர மன்னனிடம் கொடுத்துவிட்டான். அகநானூறு 209-ல் இது பதிவாகியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கொன்ற காரியும் அதே கடையெழு வள்ளல்கள் பட்டியலில் இருக்கிறான்!

ஸ்பெயினின் வலென்சியாவிலும் ஒரு மன்னர் விழா உண்டு. கேட்டலான் மொழி பேசிய முதலாம் ஜேம்ஸ் 1238-ல் நகருக்குள் நுழைந்த அக்டோபர் 9-ஐ இன்றும் கொண்டாடுகிறார்கள். அவர் ஜெயித்தவர். நம்ம ஓரியோ நாட்டையும் உயிரையும் இழந்தவன். மலையை வாங்கிக்கொண்ட சேரனுக்கு இங்கே விழா இல்லை.

காரணம், ஓரி கைநிறையக் கொடுத்த புலவர்கள்தான். அவனைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அவர்கள் பாட்டு வழியாகத்தான்.

சரி, இன்று மலையில் வாழ்பவர்கள் ஓரியின் வாரிசுகளா?

இங்கே பெரும்பான்மையாக இருக்கும் மலையாளி பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில்) தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகவே வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் கதைப்படி பார்த்தால் ஓரியோடு ரத்த உறவு இல்லை. ஆனாலும் ஓரியை 'எங்க மலை ராசா' என்று உரிமையோடு கொண்டாட அது தடையாக இல்லை. ஆடி 17, 18 இரண்டு நாளும் வில்லோடு வரிசையில் நிற்பவர்களில் அவர்களும் இருக்கிறார்கள்.