ரெண்டு வயசுக் குழந்தைக்கு 'லேர்னிங் டேப்' அவசியமா? வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம்!

குழந்தைக்கு இரண்டாவது பிறந்தநாள் வரப்போகிறது. என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று ஆன்லைனில் தேடினால், பொம்மைகளோடு பொம்மையாக வந்து நிற்கிறது 'லேர்னிங் டேப்லெட்'. 'எழுத்து, எண், நிறம், விலங்குகள், ரைம்ஸ்... எல்லாம் ஒரே டேப்பில்' என்கிறது விளம்பரம்.

வீட்டில் பட்டிமன்றம் ஆரம்பமாகிறது. "எதிர்வீட்டுக் குழந்தை இதுலதான் ஏ டு இசட் கத்துக்கிச்சாம்" என்பார் அம்மா. "போனைப் பிடுங்கிட்டு அழறதுக்கு இது பரவாயில்லையே" என்பார் அப்பா. "நாங்க எல்லாம் இதை வெச்சா பிள்ளை வளர்த்தோம்?" என்பார் பாட்டி. மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், மூன்று பேரும் பேசுவது ஒரே பொருளைப் பற்றித்தானா என்பதே சந்தேகம். அங்கிருந்தே தொடங்குவோம்.

பெயர் ஒன்று... பொருள் மூன்று!

'லேர்னிங் டேப்' என்ற பெயரில் கடைகளில் கிடைப்பவை மூன்று வகை.

முதலாவது, பட்டனை அழுத்தினால் சத்தம் போடும் பிளாஸ்டிக் பலகை. திரை கிடையாது. யானைப் படத்தைத் தொட்டால் 'எலிஃபென்ட்' என்று சொல்லும். சில நூறு ரூபாயில் கிடைக்கும்.

இரண்டாவது, எல்சிடி எழுதுபலகை. குச்சியால் கிறுக்கலாம், ஒரு பட்டனைத் தட்டினால் மொத்தமும் அழிந்துவிடும். பாட்டு, வீடியோ எதுவும் வராது. நம் காலத்து சிலேட்டின் புது அவதாரம்.

மூன்றாவதுதான் நிஜமான டேப்லெட். குழந்தைகளுக்கென்று தடிமனான உறை போட்டு, சில ஆப்களை ஏற்றி, பல ஆயிரம் ரூபாய்க்கு விற்பார்கள். உறையைக் கழற்றிவிட்டால், அது பெரிய சைஸ் செல்போன்தான்.

இந்த மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சிலேட்டுக்குப் பயப்படத் தேவையில்லை. சத்தம் போடும் பலகை ஒரு சாதாரண பொம்மை. யோசித்து முடிவெடுக்க வேண்டியது மூன்றாவது வகைக்குத்தான்.

மருத்துவர்கள் சொல்லும் கணக்கு

உலக சுகாதார நிறுவனம், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதலை 2019-ல் வெளியிட்டது. அதன்படி ஒரு வயது வரை திரையே வேண்டாம். ஒரு வயதுக் குழந்தைக்கும் பரிந்துரைக்கப்படவில்லை. இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதைவிடக் குறைந்தால் இன்னும் நல்லது. இந்திய குழந்தைகள் நல மருத்துவர்களின் சங்கமும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது. இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், எப்போதாவது உறவினர்களோடு வீடியோ காலில் பேசுவது மட்டும் விதிவிலக்கு என்பது அவர்களின் அறிவுரை.

இந்த ஒரு மணி நேரக் கணக்கில் டிவி, அம்மாவின் போன், அப்பாவின் லேப்டாப், புது டேப் எல்லாமே சேர்த்தி. சாப்பிடும்போது முக்கால் மணி நேரம் போனில் கார்ட்டூன் பார்க்கும் குழந்தைக்கு, டேப்புக்கென்று மிஞ்சுவது 15 நிமிடம்தான். அந்த 15 நிமிடத்துக்காகவா பல ஆயிரம் ரூபாய் என்ற கேள்வியை இந்தக் கணக்கைப் போட்ட பிறகு கேட்டுப் பாருங்கள்.

திரை ஏன் டீச்சர் ஆவதில்லை?

"நல்ல விஷயத்தைத்தானே பார்க்குது, அதுல என்ன தப்பு?" என்று கேட்கலாம். குழந்தை பார்க்கிறது என்பது உண்மை. பார்ப்பதெல்லாம் மனதில் ஏறுகிறதா என்பதுதான் விஷயம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்ரிசியா கூல் குழுவினர் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். சில குழந்தைகளுக்கு, ஒருவர் நேரில் உட்கார்ந்து புத்தகம் படித்து, பொம்மை காட்டிப் பேசினார். வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சு வீடியோவில் காட்டப்பட்டது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாட்டைக் கண்டுபிடித்தார்கள். வீடியோ பார்த்த குழந்தைகளோ, சீன மொழியையே கேட்காத குழந்தைகளைப் போலத்தான் இருந்தார்கள்.

1998-ல் வெளியான இன்னோர் ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். பக்கத்து அறையில் ஒரு பொம்மையை ஒளித்து வைப்பதை இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு டிவியில் காட்டினார்கள். பிறகு, "போய் எடுத்துட்டு வா" என்றால் பெரும்பாலான குழந்தைகளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதே காட்சியை ஜன்னல் வழியே பார்த்த குழந்தைகள் நேராகப் போய் எடுத்தார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகளோ, டிவியில் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆக, திரையில் தெரிவதை நிஜ உலகத்தோடு பொருத்திப் பார்க்கும் திறமை குழந்தைக்குப் பிறவியிலேயே வருவதில்லை, மெள்ள மெள்ளத்தான் வருகிறது. வயதுக்கு வயது மருத்துவர்கள் அளவு மாற்றிச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீடியோ காலுக்கு மட்டும் ஏன் சலுகை? ஊரில் இருக்கும் தாத்தா, "என்னடா கண்ணு, சட்டை புதுசா?" என்று கேட்கிறார். குழந்தை சட்டையைத் தூக்கிக் காட்டுகிறது. "அட, மஞ்சக் கலரு!" என்று அவர் சிரிக்கிறார். அங்கே குழந்தை செய்வதற்கு உடனே பதில் வருகிறது. டேப்பில் ஓடும் பாட்டுக்குக் குழந்தையின் சட்டை தெரியாது. சின்ன வயதில் மொழி வளர்வதே இந்தப் பதிலுக்குப் பதில் பேச்சில்தான்.

பொம்மை பேசினால், நாம் பேச மறக்கிறோம்!

இன்னொரு விஷயமும் நடக்கிறது. பத்து மாதம் முதல் 16 மாதம் வரையிலான 26 குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. பேட்டரியில் பாடும் பொம்மைகள், மரக்கட்டை போன்ற சாதாரண பொம்மைகள், படப் புத்தகங்கள் என மூன்றையும் கொடுத்து, வீட்டில் நடக்கும் பேச்சைப் பதிவுசெய்தார்கள். பேட்டரி பொம்மையோடு விளையாடும்போதுதான் பெற்றோர் மிகக் குறைவாகப் பேசியிருந்தார்கள். புத்தகம் கையில் இருந்தபோது அதிகம் பேசினார்கள்.

யோசித்தால் புரியும். யானைப் படம் போட்ட புத்தகத்தைப் பிரித்தால், "அதோ பாரு யானை! நாம கோயில்ல பார்த்தோமே, தும்பிக்கையைத் தூக்குச்சே..." என்று நம் வாய் தானாகப் பேசும். பொம்மையே 'எலிஃபென்ட்' என்று சொல்லிவிட்டால், நமக்கு அங்கே என்ன வேலை?

அதற்காகப் பாடும் பொம்மைகளைத் தூக்கி எறிய வேண்டாம். பக்கத்தில் நாமும் உட்கார்ந்து பேசினால் போதும்.

'ஏ டு இசட்' சொன்னால் படித்துவிட்டதாக அர்த்தமா?

டேப் பார்த்து ஒன்று முதல் இருபது வரை கடகடவென்று சொல்லும் இரண்டு வயதுக் குழந்தைகள் உண்டு. அந்தக் குழந்தையிடம் "தாத்தாவுக்கு ரெண்டு பிஸ்கட் குடு" என்று கேட்டுப் பாருங்கள். பலரும் டப்பாவையே நீட்டுவார்கள். சொல்வது பாட்டு, கொடுப்பதுதான் கணக்கு. பாட்டாகச் சொல்வதில் தவறே இல்லை. ஆனால், அதை வைத்து எதிர்வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு, 'நம்ம பிள்ளை பின்தங்கிடுச்சோ' என்று கவலைப்பட்டுப் பர்ஸைத் திறக்க வேண்டியதில்லை.

இந்தக் கவலையை வைத்து நடக்கும் வியாபாரம் புதிதும் அல்ல. 'பேபி ஐன்ஸ்டீன்' என்ற பெயரில் கைக்குழந்தைகளுக்கான வீடியோக்கள் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டன. கல்வி தரும் என்ற விளம்பரத்தை எதிர்த்துப் புகார்கள் எழுந்தன. கடைசியில் 2009-ல், டிவிடி வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது டிஸ்னி நிறுவனம்.

உண்மையில் டேப் யாருக்கு வேண்டும்?

வாங்குவதற்கு முன் வீட்டில் பேச வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான். பல வீடுகளில் டேப் குழந்தையின் படிப்புக்காக வாங்கப்படுவதில்லை. காலை ஏழு மணிக்குக் குக்கர் விசில் அடிக்கும்போது, ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டிய அம்மாவின் காலைக் குழந்தை கட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வாங்கப்படுகிறது. இதைச் சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், உதவிக்குப் பெரியவர்கள் இல்லாத வீட்டில், அந்த 20 நிமிட அமைதி நிஜமான தேவை.

ஆனால், தேவை '20 நிமிட அமைதி' என்று தெரிந்துவிட்டால், அதற்கு வேறு வழிகளும் கண்ணில் படும். சமையலறைத் தரையில் அடுப்புக்கு எட்டாத மூலையில் நான்கு எவர்சில்வர் டம்ளர், இரண்டு கிண்ணம், ஒரு மரக்கரண்டி கொடுங்கள். ஓர் உருண்டை சப்பாத்தி மாவு கொடுங்கள். கூடையில் உருளைக்கிழங்கையும் பெரிய வெங்காயத்தையும் கலந்து வைத்து, "பிரிச்சு வைடா" என்று சொல்லுங்கள். கொண்டைக்கடலை, வேர்க்கடலை மாதிரி வாயிலோ மூக்கிலோ போய் மாட்டும் சின்னப் பொருள்கள் மட்டும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 20 நிமிடம் குழந்தையை அப்பா பார்த்துக்கொண்டால், டேப் வாங்கும் பேச்சே எழாமல் போகலாம்!

இதெல்லாம் முயன்றும் சில நாள்களில் திரைதான் கைகொடுக்கும் என்றால், இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கு அளவோடு கொடுக்கலாம். அதற்குப் புது டேப் வேண்டியதில்லை. வீட்டு டிவியில் நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்ச்சி போதும். முடிந்ததும் அணைத்துவிடலாம். குழந்தையின் மடியிலேயே இருக்கும் டேப்பைப் பிடுங்குவதைவிட அது சுலபம்.

வாங்குவதாக முடிவு செய்துவிட்டீர்களா?

குழந்தைக்கு மூன்று வயது நெருங்குகிறது, அல்லது வெளிநாட்டு மாமா டேப்பை ஏற்கெனவே அனுப்பிவிட்டார் என்றால், இவற்றைக் கவனியுங்கள்.

* பொம்மை வகை என்றால் ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் இந்தியாவில் அது கட்டாயம்.

* பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். எல்சிடி பலகைகளில் பட்டன் பேட்டரி இருக்கும். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

* நிஜ டேப் என்றால், பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியை நீங்கள் அமைத்த பிறகே குழந்தையின் கையில் கொடுங்கள். விளம்பரம் வரும் ஆப், தானாக அடுத்தடுத்த வீடியோவுக்குத் தாவும் ஆப் இரண்டும் வேண்டாம்.

* குழந்தையின் நிஜப் பெயர், பிறந்த தேதி, போட்டோ கேட்கும் ஆப்களிடம் ஜாக்கிரதை. 2015-ல் விடெக் என்ற நிறுவனத்தின் தகவல் தொகுப்பு ஹேக் செய்யப்பட்டபோது, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்கள் கசிந்தன.

* தமிழில் கதையும் பாட்டும் இருக்கின்றனவா, உச்சரிப்பு சரியாக இருக்கிறதா என்று முதலில் நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

* சாப்பாட்டு நேரத்திலும், தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் டேப் வேண்டாம். அழுகையை நிறுத்தும் மருந்தாகவும் அதைக் கொடுக்காதீர்கள்.

* டேப் இருக்கும் இடம் பீரோவின் மேல்தட்டு. நீங்கள் எடுத்து, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, நேரம் முடிந்ததும் திரும்ப வைக்க வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை

"ரெண்டு வயசாகியும் பேச்சு வரலை, டேப் வாங்கிக் கொடுத்தா பேசிடுவான்" என்று யாராவது சொன்னால், அந்த யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் குடு' என்று இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொல்லவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை என்றால், போக வேண்டிய இடம் குழந்தைகள் நல மருத்துவர். காது கேட்பதிலிருந்து அவர் பரிசோதனையைத் தொடங்குவார். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்களில் இதற்கான பரிசோதனையும் பயிற்சியும் இலவசமாகக் கிடைக்கின்றன. சிறு வயதில் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். டேப் வாங்கிக் கொடுத்து 'பேசிடும்' என்று காத்திருக்கும் ஆறு மாதம்தான் பெரிய இழப்பு.

மற்ற குழந்தைகளைப் பொறுத்தவரை முடிவு எளிது. இரண்டு வயதுக்குள் என்றால் வேண்டாம். இரண்டிலிருந்து மூன்று என்றால் அவசரமில்லை. அந்தப் பணத்தில் பத்து படப் புத்தகம், ஒரு பெட்டி கிரேயான், ஒரு பந்து வாங்கினாலும் மீதி இருக்கும். மூன்று வயதுக்குப் பிறகு வாங்கினால், உடன் உட்கார வீட்டில் யார், எந்த நேரத்தில் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு 'ஆர்டர்' பட்டனை அழுத்துங்கள்.