ருமேனியாவின் நாட்டுப் பாடல்கள்

ஒரு நாட்டின் பழமையை அறியக் கல்வெட்டுகளையும் ஏடுகளையும் நாம் தேடுகிறோம். எழுத்தறியாத உழவரும் ஆயரும் தம் வாழ்வை எதில் பொறித்து வைத்தனர்? பாட்டில்தான் என்பதற்கு ஐரோப்பாவின் தென்கிழக்கிலுள்ள ருமேனியா நல்ல சான்று.

அந்நாட்டின் நடுவே கார்ப்பேத்திய மலைத்தொடர் வில்லென வளைந்து கிடக்கிறது. மலைகள் ஊர்களைப் பிரித்து வைத்தமையால், வட்டாரந்தோறும் தனித்தனி இசைமரபு தழைத்தது. 'டோய்னா' என்னும் பாடல்வகையை எடுத்துக்கொள்வோம். பிரிவும் ஏக்கமும் காதலும் இதன் பொருள். இதற்குக் கட்டான தாளம் இல்லை. பாடுவோர் தம் மனநிலைக்கேற்பச் சுரங்களை நீட்டியும் குறைத்தும் பாடுவர். வடக்கிலுள்ள மாராமுரேஷ் பகுதியினர் இதனையே தொண்டையிலிருந்து எழும் தனி ஒலிகளோடு பாடுவர். திருமணத்திற்கு ஒரு பாட்டு, சாவிற்கு ஓர் ஒப்பாரி, கிறிஸ்துமஸ் காலத்தில் வீடுதோறும் சென்று பாடக் 'கொலிந்தா' என, ஒவ்வொரு சடங்கும் தனக்குரிய பாட்டைக் காத்து வந்தது.

இவற்றைத் தேடிச் சென்றவருள் தலையாயவர் ஹங்கேரிய இசைமேதை பேலா பார்த்தோக் (1881–1945). அந்நாளில் டிரான்சில்வேனியா, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் அடங்கியிருந்தது. அங்குள்ள ருமேனியச் சிற்றூர்களுக்கு அவர் போனோகிராப் கருவியோடு சென்று, மெழுகுருளைகளில் பாடல்களைப் பதிந்தார். திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தால் மெழுகு தேயும். ஆதலால் இசைக்குறிகளாகவும் எழுதி வைத்தார். இவ்வாறு 3,000-க்கும் மேற்பட்ட மெட்டுகள் சேர்ந்தன. பிகோர் வட்டாரப் பாடல்கள் 1913-இல் நூலாயின. முதல் உலகப் போருக்குப் பின் அப்பகுதி ருமேனியாவைச் சேர்ந்தது. ருமேனியரின் இசையைப் பற்றி எழுதியமைக்காக, 1920-இல் ஹங்கேரியப் பத்திரிகையில் அவர்மீது பழி சுமத்தப்பட்டது. எனினும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை.

1928-இல் கொன்ஸ்டன்டின் பிரைலொயு என்னும் ருமேனிய அறிஞர் புக்காரெஸ்டில் நாட்டுப்பாடல் காப்பகம் ஒன்றை நிறுவினார். பாட்டை மட்டுமன்றி, பாடியவர் யார், வயதென்ன, யாரிடம் கற்றார், எச்சமயத்தில் பாடுவார் என்பவற்றையும் குறித்துவைக்கும் முறை அங்கே வளர்ந்தது. சூழலை இழந்த பாட்டு பாதிப் பொருளை இழந்துவிடும் அன்றோ?

2009-இல் யுனெஸ்கோ நிறுவனம் டோய்னாவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. ஆயினும் பட்டியலும் காப்பகமும் மெட்டைக் காக்குமேயன்றிப் பாடும் பழக்கத்தைக் காக்கமாட்டா. தாய் பாட மகள் கேட்டுக் கற்பதாலேயே அப்பழக்கம் நிலைபெறும். இளைஞர் வேலை தேடி ஊரைவிட்டு நீங்க, அக்கல்வி தளர்கிறது. பூட்டி வைத்த நூலை நூறாண்டு கழித்தும் எடுத்துப் படிக்கலாம். ஒரு தலைமுறை கேளாது விட்ட பாட்டை அடுத்த தலைமுறை யாரிடம் சென்று கற்கும்? மாணவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.