உங்களுக்குத் தெரியுமா? கிராம் கணக்கில் ஒரு கிளட்ச்

★ பனிமலை ஏறும் ஸ்னோமொபைலில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. இன்ஜின் பக்கம் ஒரு புல்லி, ட்ராக்கை ஓட்டும் பக்கம் இன்னொன்று, நடுவே ஒரு ரப்பர் பெல்ட். நம் தெருவில் ஓடும் ஆக்டிவாவிலும் இதே ஏற்பாடுதான். ஆனால் ஸ்கூட்டரில் பின்சக்கரத்தருகே தனியாக ஒரு கிளட்ச் உண்டு. ஸ்னோமொபைலில் முன்புல்லியே கிளட்சாகவும் வேலை பார்க்கிறது. ஐடிலில் அதன் இரண்டு தட்டுகளும் விலகி நிற்கும், பெல்ட் சும்மா கிடக்கும். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் தட்டுகள் நெருங்கிப் பெல்ட்டைக் கவ்வும்.

★ தட்டுகளை நெருக்குவது, சுழலச் சுழல வெளியே விசிறும் சிறு எடைகள். 70 கிராம் எடை ஒன்று மையத்திலிருந்து 6 செ.மீ. தள்ளி, நிமிடத்துக்கு 8,000 சுற்று சுழல்வதாக வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 300 கிலோ பாரத்துக்குச் சமமான விசை வருகிறது! சுற்று பாதியானால் விசை கால்வாசிதான். இந்த வேலையில் ஒரு கிராமுக்கே மதிப்பு இருப்பது இதனால்தான்.

★ கிளட்ச் சரியாக அமைந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால் வேகம் ஏறிக்கொண்டே போக வேண்டும், ஆர்பிஎம் முள் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். 850 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு அந்த இடம் 8,000-ஐ ஒட்டி வரும். முள் தாண்டிப் போனால் எடையைக் கூட்டு. எட்டாமல் நின்றால் குறை. புதிதாக வாங்கியவர்கள் இன்ஜின் அலறுவதைக் கேட்டுப் பூரித்துப்போவார்கள். பாதிச் சமயம் அது எடை போதாமல் போடும் கூச்சல்.

★ ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சாதாரண இன்ஜின் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும். அமெரிக்காவின் வயோமிங்கில் உள்ள டோக்வோட்டி கணவாய் 9,658 அடி. அங்கே போய்ச் சேர்வதற்குள் கால்வாசிக்கு மேல் பலம் போய்விடும். அதனால் டர்போ இல்லாத வண்டிக்காரர்கள் மேலே போகும்போது இலகுவான எடைகளுக்கு மாறுகிறார்கள். டர்போ அந்தத் தொல்லையைக் குறைக்கிறது. 2020 மாடலாக வந்த ஸ்கி-டூ சம்மிட் 850 இ-டெக் டர்போ, தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்திய முதல் டூ ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல். 8,000 அடி வரை 165 குதிரைத்திறனை விடாமல் தரும் என்று அறிமுகமானது. அதற்கு முன்பெல்லாம் டர்போ கிட்டை வாங்கித் தாங்களே மாட்டிக்கொண்டார்கள். மாட்டியதும் கம்பெனி கிளட்ச் திணறும். கூடுதல் முறுக்குவிசைக்கு அந்த எடைகள் போதாது, சுற்று எல்லை மீறும். வெளிக்கம்பெனி கிளட்ச், எடை, ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் ஒரு சந்தை உருவானதில் இதற்குப் பெரிய பங்குண்டு.

★ வெளியில் விற்கும் எடைகளில் சிலவற்றில் அடியில், நடுவில், நுனியில் என்று துளைகள் இருக்கும். சிறு ஸ்குரூக்களையோ ரிவெட்டுகளையோ போட்டு நிரப்பலாம். நுனியில் சேர்த்தால் அதன் விளைவு உச்ச வேகத்தில் தெரியும், அடியில் சேர்த்தால் கிளம்பும்போது. முன்புல்லியின் தட்டுகளை விலக்கி வைக்கும் ஸ்பிரிங்கை இரண்டு எண்களால் அழைப்பார்கள். முதல் எண், எந்தச் சுற்றில் பெல்ட் பிடிக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கும். அதை ரொம்ப உயர்த்திவிட்டால் ஆழமான புதுப்பனியில் வண்டி கிளம்பாது, நின்ற இடத்திலேயே குழி தோண்டும்.

★ தட்டுகள் நெருங்க நெருங்கப் பெல்ட் முன்புல்லியின் விளிம்பு வரை ஏறுகிறதா என்று பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். தட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஒரு ஓட்டம் ஓட்டினால் போதும். கோடு அழிந்த இடம் வரை பெல்ட் ஏறியிருக்கிறது.

★ பின்புல்லியில் ஹீலிக்ஸ் என்றொரு சரிவுப் பாதை உண்டு. அதன் கோணம் குறைவாக இருந்தால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும். சுமை வந்தால் சட்டென்று தாழ்ந்த விகிதத்துக்கு இறங்கும். மரங்களுக்கு நடுவே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி அழுத்துகிற டர்போ வண்டிக்கு இதுதான் உயிர்நாடி. சுற்று விழுந்தால் டர்போவின் அழுத்தமும் விழும், மறுபடி எழும்ப நேரம் பிடிக்கும். எல்லோரும் எடையைப் பற்றியே பேசுகிறார்கள்; என்னைக் கேட்டால் ஹீலிக்ஸுக்கு அதில் பாதிக் கவனம்கூடக் கிடைப்பதில்லை.

★ ஒரு ஏற்றம் ஏறி முடித்ததும் இன்ஜினை அணைத்துவிட்டுப் புல்லித் தட்டுகளின் சூட்டைப் பார்ப்பது பழைய வழக்கம். கையால் தொட முடியாத சூடு என்றால் அங்கே பெல்ட் வழுக்குகிறது. இன்று இன்ஃப்ராரெட் சென்சார் வந்துவிட்டது.

★ முன்புல்லி இன்ஜின் தண்டின் கூம்பான முனையில் வெறும் உராய்வால் பிடித்திருக்கும். கழற்றத் தனி போல்ட் உண்டு. அதற்கும் அசையவில்லையா? நடுத்துளையில் தண்ணீரோ கிரீஸோ நிரப்பி, போல்ட் மரையில் டெஃப்லான் டேப் சுற்றி முடுக்குவார்கள். உள்ளே சிக்கிய திரவம் அழுத்தம் தாங்காமல், 'டப்'பென்று கிளட்சைத் தள்ளிவிடும்.

★ ரிவர்ஸ் கியர் இல்லாத டூ ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல்கள் எப்படிப் பின்னால் போகின்றன? பட்டனைத் தட்டினால் இன்ஜின் கிட்டத்தட்ட நின்றுபோகும் அளவுக்குத் தணியும். அந்த நொடியில் ஸ்பார்க் நேரம் மாறி, இன்ஜினே எதிர்த்திசையில் சுழலத் தொடங்கும்!